ரமாவின் ஜெர்மன் லேப்டாப்

பெருங்களத்தூரில் ரமா என்று ஒருத்தி இருந்தாள் என்று ஆரம்பித்தால், ஏதோ முடிந்துபோன சமாசாரம் என்று நினைத்துக்கொள்வீர்கள். அதனால் மாற்றிச் சொல்கிறேன். பெருங்களத்தூரில் ரமா என்று ஒருத்தி இருக்கிறாள், சௌக்கியமாக. இது போன வருஷம், இரண்டாயிரத்து எட்டில், அவளுக்கு நாற்பத்தாறு வயதானபோது நடந்தது.

தாம்பரம் ஸ்டேஷனுக்கு எதிரே மாடியில் ஒரு ஜாப் டைப்பிங் கடை இருந்தது. அங்கே பதினெட்டு வருஷம் வேலை பார்த்தாள் ரமா. முதலில் டைப்ரைட்டர், அப்புறம் கம்ப்யூட்டர். மனு, ஒப்பந்தம், கல்லூரிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் ரிப்போர்ட், சங்கத்து நோட்டீஸ் என்று எது வந்தாலும் அவள் மேஜைக்குத்தான் வரும். முதலாளி வயதாகி மகனோடு கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். கடை இருந்த இடத்தில் செல்போன் விற்க ஆரம்பித்தார்கள்.

"நல்லதாப் போச்சு. இனிமே ரெஸ்ட் எடு" என்றார் அவள் கணவர் பத்ரிநாராயணன். அவர் பேங்கில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு ஏழு வருஷமாக ரெஸ்ட் எடுத்துக்கொண்டிருப்பவர். அதில் அவருக்கு நல்ல பழக்கம்.

ரமாவுக்கு அந்தப் பழக்கம் வரவில்லை. இரண்டு மாதம் பொறுத்தாள். வேறு கடைகளில் கேட்டுப் பார்த்தாள். "சின்னப் பொண்ணுங்களா பாக்கறோம் மேடம்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். வீட்டில் உட்கார்ந்தால் விரல்கள் தானாகச் சாப்பாட்டு மேஜையில் தாளம் போடும். கல்லூரியில் படிக்கிற மகள் ஸஹானா ஒரு நாள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தி, "அம்மா, இப்ப என்ன டைப் பண்ணின?" என்று கேட்டாள். ரமா கொஞ்சம் வெட்கப்பட்டு, "நேத்திக்குப் பேப்பர்ல வந்த தலையங்கம்" என்றாள்.

அப்போதுதான் பல்லாவரத்தில் பிரஸ் வைத்திருக்கிற லாசரஸைப் பற்றிக் கேள்விப்பட்டாள். அரசுத் தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தமிழில் கைடு போடுகிறவர். அவரிடம் டைப் செய்துகொண்டிருந்த பெண் ஓ.எம்.ஆர். சாலைப் பக்கம் ஏதோ கம்பெனிக்குப் போய்விட்டாள். ரமா போய்ப் பார்த்தாள். லாசரஸ் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளைப் பார்த்தார்.

"வீட்லயே டைப் பண்ணித் தரேன்னு இதுக்கு முன்னாடி ரெண்டு பேர் வந்தாங்க மேடம். அவங்க அடிச்சதைத் திருத்துறதுக்கு நானே அடிச்சிருக்கலாம். சிஸ்டம் இருக்கா உங்ககிட்ட?"

"இருக்கு சார்" என்று சொல்லிவிட்டாள். இல்லை. ஏன் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

"அப்ப சரி." கையால் எழுதிய ஒரு கட்டுக் காகிதத்தை எடுத்துப் போட்டார். இந்திய வரலாறு, முதல் பாகம். "அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளி காலைல பத்து மணிக்கு அடிச்சுக் கொண்டு வாங்க. எந்தப் பக்கத்துலயாவது மூணு தப்புக்கு மேல இருந்துச்சுன்னா, கோவிச்சுக்காதீங்க, வேற ஆளைப் பாத்துக்கறேன். சரியா இருந்துச்சுன்னா மொத்த கைடும் உங்களுக்கு. அதுக்கப்புறம் வர்றதும் உங்களுக்குத்தான்."

ரமா அந்தக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ரயில் ஏறினாள். ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். அவளுக்குப் பணம் ஒரு பக்கம். காலையில் எழுந்ததும் 'இன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது' என்று தோன்றுமே, அது மறுபக்கம். அந்த மறுபக்கம்தான் பெரிசு.

புது லேப்டாப் விலையை விசாரித்தால் தலை சுற்றியது. ஆகவே அடுத்த வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனாள். அங்கே கிடைக்காதது எது? செடி, கோழி, கட்டில், பழைய டெலிபோன் என்று தாண்டிப் போனால், தார்பாலின் கீழே குணாவின் மேஜை. மேலே ஆங்கிலத்தில் எட்டு வரியில் ஒரு போர்டு. அவன் என்னென்ன விற்கிறான், என்னென்ன ரிப்பேர் செய்கிறான் என்ற முழு விவரமும் அதில் இருந்தது.

"செகண்ட் ஹேண்ட் லேப்டாப் இருக்காப்பா?"

"செகண்ட் ஹேண்டுன்னு சொல்லாதக்கா, மனசு கஷ்டமா கீது. இது ரீஃபர்பிஷ். நம்ம கடையில பிரிச்சு, தொடச்சு, மெமரி ஏத்தி, கீல் மாத்தி வெச்சுகிறேன். பத்து ரூபா சோப்புல குளிப்பாட்டி வுட்ட மாரி கீது பாரு."

அவன் காட்டிய முதல் இரண்டும் அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை. மேஜை ஓரத்தில் கறுப்பாக ஒன்று தனியாகக் கிடந்தது.

"அது?"

"அத்த வுடுக்கா. அது ஒரு பேஜாரு. ஜெர்மனிலேருந்து கன்டெய்னர்ல வந்துச்சு. உள்ள எல்லாம் ஷோக்கா கீது. கீபோர்டுதான் தகராறு. Y போட்டுகீற சாவிய அமுக்குனா Z வருது, Z-அ அமுக்குனா Y வருது. இந்தப் பக்கம் பாரு, தலையில ரெண்டு புள்ளி வெச்ச எழுத்து. மூணு மாசமா வர்றவன்லாம் தொட்டுட்டு வெச்சுட்டுப் பூடுறான். வேற கீபோர்டு மாத்தலாம்னா இந்த மாடலுக்கு மார்க்கெட்லயே கெடைக்கல."

ரமா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். திறந்தாள். நின்றபடியே இரண்டு கைகளையும் வைத்தாள். கண்ணை உயர்த்தி அவன் தலைக்கு மேலிருந்த போர்டைப் பார்த்தாள். அவ்வளவுதான், விரல்கள் கிளம்பிவிட்டன. எட்டு வரியும், கடைசியில் இருந்த செல் நம்பர் உட்பட, சின்ன எழுத்துகளில் திரையில் வந்து நின்றது. ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை.

குணா போர்டைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், அவள் கையைப் பார்த்தான். "இன்னாக்கா இது! மேல பாத்துகினு கீழ அடிக்கிற!"

"சாவி மேல என்ன எழுதியிருந்தா என்னப்பா? நான் எங்க அதைப் பாக்கறேன்?"

உண்மைதான். இன்ஸ்டிட்யூட்டில் ரமா டைப்ரைட்டிங் படித்தபோது, சாவிகள் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு. கண் காகிதத்தில், விரல் சாவியில், முதுகு நேராக. தமிழ் எழுத்துகளோ எந்தக் கம்ப்யூட்டர் சாவியிலும் எழுதியிருப்பதில்லை. அவளுக்கு இங்கிலீஷ் கீபோர்டும் ஒன்றுதான், ஜெர்மன் கீபோர்டும் ஒன்றுதான்.

பாதி விலைக்கே கொடுத்தான் குணா. "மூணு மாசமா எனக்கு டிமிக்கி குடுத்துது, உன் கையில அடங்குது. எடுத்துகினு போக்கா. சார்ஜருக்கு ஒரு மாசம் கேரண்டி. பேட்டரி இருபது நிமிஷம் நிக்கும், அதுக்கு மேல நின்னா உன் அதிர்ஷ்டம்."

வீட்டில் அதை முதலில் தொட்டவர் பத்ரி. பாஸ்டனில் இருக்கிற தம்பிக்கு ஒரு மெயில் அடிக்கலாமே என்று தனியாக உட்கார்ந்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு சாவியாகத் தேடிக் குத்தினார். அரை மணிக்கு அப்புறம் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ரமா, இந்த மெஷின் என் பேரை ஒழுங்கா எழுதமாட்டேங்கறது! பேங்க்ல முப்பது வருஷம் கையெழுத்துப் போட்டவன் நான்!"

"ஏன்னா, எழுத்தைப் பாத்து அடிக்காதேங்கோ."

"எழுத்தைப் பாக்காம பின்னே சுவரைப் பாத்தா அடிக்கறது?"

ஸஹானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்பா, இது அம்மாவோட லேப்டாப். பாஸ்வேர்டே தேவையில்ல. யாரும் யூஸ் பண்ண முடியாது."

அந்த வீட்டில் டி.வி. ரிமோட் பத்ரியுடையது. ஸ்கூட்டர் ஸஹானாவுடையது. தனக்கென்று ஒரு பொருள் வந்துவிட்டதில் ரமாவுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். லாசரஸ் கொடுத்த தமிழ் எழுத்துருவைப் பென் டிரைவிலிருந்து ஏற்றினாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தாள்.

ஒரு சின்னக் கஷ்டம் இருந்தது. பழைய கடையில் காகிதத்தை நிமிர்த்தி வைக்க ஒரு மரச்சட்டம் உண்டு. இங்கே இல்லை. மேஜையில் படுக்க வைத்தால் கழுத்து வலித்தது. யோசித்தாள். கொடியிலிருந்து இரண்டு துணி கிளிப்பை எடுத்து வந்தாள். லேப்டாப் திரை நிமிர்ந்துதானே நிற்கிறது? அதன் தலையில் காகிதத்தைச் செருகிக் கிளிப் போட்டாள். அடடா, கண்ணுக்கு நேராக, சரியான உயரத்தில் நின்றது!

திரை முழுக்க மறைந்துபோயிற்று. போனால் என்ன? திரையை யார் பார்க்கிறார்கள்?

நீங்கள் இப்போது "ஐயோ ரமா" என்கிறீர்கள். எனக்குக் கேட்கிறது. ஆனால் அவள் நிலைமையில் நின்று பாருங்கள். பதினெட்டு வருஷமாக அவள் கை ஒரு நாளும் அவளை ஏமாற்றியதில்லை. அடித்து முடித்த பிறகு கடைசியில் ஒரு தரம் படித்துப் பார்ப்பதுதான் அவள் வழக்கம். அந்த வாரமும் அப்படியே செய்தாள். ஒரு காகிதம் முடிந்தால் அடுத்ததைக் கிளிப்பில் மாட்டுவாள். எழும்போது சேமிக்கிற சாவிகளை அழுத்திவிட்டு மூடிவிடுவாள். திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளும் அவள் முகம் எப்படி இருந்தது என்று பத்ரியைக் கேளுங்கள். "சமையல்லகூட பாட்டு பாடிண்டிருந்தா" என்பார்.

வியாழக்கிழமை மத்தியானம் கடைசிக் காகிதத்தையும் அடித்து முடித்துக் கிளிப்பிலிருந்து எடுத்தாள். முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்க்கலாம் என்று திரையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஒரு நிமிஷம் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

இருபத்துநாலு பக்கமும் சாய்ந்த கோடுகள். வரிக்கு மூன்று, நாலு. 'முகலாயர்' என்று ஓர் இடத்திலும் இல்லை. எல்லா இடத்திலும் ஒரு கோடு, பக்கத்தில் 'மகலாயர்'. 'வருடம்' இல்லை, நடுவே ஒரு கோடு போட்டு 'வரடம்'. 'நாடு' என்று ஒரு நாடும் இல்லை.

"ஏன்னா!" என்ற குரலில் பத்ரி செய்தித்தாளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். பார்த்தார். அவருக்கும் முகம் தொங்கிப்போயிற்று. சொல்லிக் காட்டுகிற மனுஷர் அல்ல அவர். மெதுவாக, "நாளைக்குப் பத்து மணிக்கா கேட்டான்?" என்றார்.

"ஆமாம்."

"போன் பண்ணி ஒரு வாரம் டைம் கேக்கறதுதானே?"

"மாட்டேன். முன்னாடி வந்த ரெண்டு பேரும் அப்படித்தான் கேட்டிருப்பா."

கண்ணில் நீர் வந்துவிட்டது ரமாவுக்கு. பதறாதீர்கள். அழுதாள்தான், ஆனால் படித்துக்கொண்டே அழுதாள். அதுதான் அவளைக் காப்பாற்றியது. மூன்றாம் பக்கத்தில் குப்தர்கள் வந்தார்கள். அந்தக் குப்தர்களைப் பார்த்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏனென்றால் குப்தர்கள் ஒரு கீறல்கூட இல்லாமல் நலமாக இருந்தார்கள். குமாரகுப்தர், சமுத்திரகுப்தர் எல்லாரிலும் 'கு' சரியாக இருந்தது. 'சமுத்திர'வில் 'மு' மட்டும் கோடு விழுந்து கிடந்தது.

'கு' எப்படி அடிப்பது? ஷிஃப்டை அழுத்திக்கொண்டு 'க'வை அடித்தால் 'கு'. 'க' இடது கையில். அதனால் ஷிஃப்ட் சாவியை வலது சுண்டுவிரல் அழுத்தும். 'மு'? 'ம' வலது கையில். ஷிஃப்டை இடது சுண்டுவிரல் அழுத்தும். ரமா தன் இடது சுண்டுவிரலைப் பார்த்தாள். அப்புறம், வாழ்க்கையில் முதல் தடவையாக, கீபோர்டைக் குனிந்து பார்த்தாள்.

இடது பக்க ஷிஃப்ட் சாவி பாதி நீளம்தான் இருந்தது! மீதி இடத்தில், நம் ஊர்க் கீபோர்டில் இல்லாத ஒரு சாவியை அந்த ஜெர்மன்காரர்கள் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். வழக்கமாக ஷிஃப்ட் இருக்கிற இடத்துக்கு அவள் விரல் சரியாகப் போயிருக்கிறது. அங்கே இருந்தது வேறு ஆள், சாய்ந்த கோடு போடுகிற ஆள். சந்தையில் ஷிஃப்டைத் தொடாமல் சின்ன எழுத்துகளிலேயே அடித்ததால் அன்றைக்கு இது தெரியவில்லை.

குணாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அது கீபோர்டோட ஜாதகம்க்கா, நான் இன்னா பண்ண முடியும்? ஒண்ணு செய்யலாம். ஒரு சின்ன ப்ரோக்ராம் கீது. அந்த உபரி சாவியையும் ஷிஃப்ட்டா மாத்திடலாம். ரெண்டு ஷிஃப்ட்டும் பக்கத்துப் பக்கத்துல குந்திக்கும். நாளைக்குச் சந்தைக்கு எடுத்துகினு வா, அஞ்சு நிமிசம்."

"நாளைக்கு வரேன். அடிச்சதுக்கு என்ன பண்றது?"

"அதுக்கு இன்னா, திரும்ப அடிக்கணும்."

திரும்ப அடிக்க மூன்று நாள் வேண்டும். இருந்தது ஒரு மத்தியானமும் ஒரு சாயங்காலமும். ரமா மேஜையில் விரலை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பத்ரி காபி போட்டு வந்து வைத்தார். அதில் சர்க்கரை இல்லை. அவள் கவனிக்காமல் குடித்தாள்.

பாதிக் காபியில் நிமிர்ந்தாள். "ஏன்னா, நான் எல்லா இடத்துலயும் ஒரே தப்பைத்தானே பண்ணியிருக்கேன்?"

"அதுல என்னடி பெருமை?"

"பெருமைதான்! கோடு போட்டு 'ம' வந்தா அது 'மு'தான். வேற ஒண்ணா இருக்கவே முடியாது. கோடு போட்டு 'ட' வந்தா 'டு'. தேடி மாத்துன்னு சொன்னா மெஷினே மாத்திடும்!"

கடையில் எத்தனையோ தடவை செய்ததுதான். பழைய ஒப்பந்தத்தில் ஒரு பெயரை எடுத்துவிட்டு எல்லா இடத்திலும் வேறு பெயர் போடுவது. இங்கே பெயருக்குப் பதில் கோடும் எழுத்தும். 'ம'வுக்கு ஒரு தடவை மாற்றச் சொன்னாள். எண்ணூற்றுச் சொச்சம் இடத்தில் மாற்றிவிட்டேன் என்றது திரை. முகலாயர்கள் ஒரே நொடியில் எழுந்து நின்றார்கள். பத்ரி கை தட்டினார். 'ட', 'ர' என்று ஒவ்வொன்றாகப் பதினாலு எழுத்து. அரை மணிதான் ஆயிற்று. இஷ்டத்துக்கு அடிக்கிற கையாக இருந்தால் இடத்துக்கு ஒரு தப்பு விழுந்திருக்கும். ஒழுங்காகப் பழகிய கை தப்பையும் ஒழுங்காகவே செய்திருந்தது.

சாயங்காலம் ஸஹானா வந்ததும் கையெழுத்துப் பிரதியை அவள் கையில் கொடுத்து உரக்கப் படிக்கச் சொன்னாள். ரமா திரையில் சரிபார்த்தாள். ஓர் இடத்தில் ஸஹானா நிறுத்தினாள்.

"அம்மா, முதலாம் பானிபட் போர் 1562-ன்னு இருக்கு. 1526 தானே?"

"ஆமாம். நான் அடிக்கும்போதே பாத்தேன். ஓரத்துல பென்சில்ல கேள்விக்குறி போட்டிருக்கேன் பாரு."

"அப்ப நீ மாத்தி அடிச்சிருக்கலாமே?"

"கையெழுத்துக் காப்பில இருக்கறதைத்தான் அடிக்கணும். மாத்தறது எழுதினவா வேலை."

எட்டரை மணிக்கெல்லாம் முடித்துவிட்டுச் சாப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குக் குணாவின் தார்பாலின். சொன்னபடி ஐந்து நிமிஷத்தில் அந்த உபரிச் சாவியும் ஷிஃப்ட் ஆயிற்று. ரமா நின்றபடியே 'முகலாயர்' என்று பத்துத் தடவை அடித்துப் பார்த்தாள்.

"இன்னாக்கா, ராஜா காலத்துக்கே பூட்ட?" என்றான் குணா. காசு கேட்கவில்லை.

பத்து மணிக்கு லாசரஸ் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அவர் பென் டிரைவை வாங்கி, இருபத்துநாலு பக்கமும் பிரிண்ட் எடுத்து, சிவப்புப் பேனாவைத் திறந்தார். முதல் பக்கம் சுத்தம். இரண்டாம் பக்கத்தில் ஒரு சுழி. ரமா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பதாம் பக்கத்தில் பேனா நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று. அப்புறம் நாலாவதாக ஒரு பெரிய சுழி.

"நாலு" என்றார் லாசரஸ். அவருக்கே கொஞ்சம் வருத்தமாக இருந்தது. "பானிபட் வருஷம் தப்பு மேடம். கைடுல வருஷம் தப்பாப் போனா பசங்க மார்க்கு போச்சு."

ரமா கையெழுத்துக் கட்டை அவர் பக்கம் தள்ளினாள். "காப்பியைப் பாருங்கோ சார்."

அவர் கையெழுத்துக் கட்டைப் புரட்டினார். 1562 என்றுதான் இருந்தது. பக்கத்தில், மெல்லிசாக, பென்சிலில் ஒரு கேள்விக்குறி.

"தப்புன்னு தெரிஞ்சும் ஏன் அப்படியே அடிச்சீங்க?"

"எனக்குத் தெரிஞ்சதை நான் மாத்தினேன்னா, நாளைக்குத் தெரியாததையும் மாத்துவேன் சார். சந்தேகம்னு உங்களுக்குக் காட்டறதுதான் என் வேலை."

லாசரஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்த நாலாவது சுழியின் மேல் ஒரு கோடு இழுத்து அதை அடித்துவிட்டார். மீதிப் பக்கங்களையும் விடாமல் பார்த்தார், அவர் அப்படிப்பட்டவர். பிறகு எழுந்துபோய் அலமாரியிலிருந்து ஒரு ரெக்ஸின் பையை எடுத்து வந்தார். கைடின் மீதிப் பதினோரு பாடங்கள்.

"தூக்க முடியுமா மேடம்? ஆட்டோ சொல்லட்டா?"

"முடியும் சார்" என்றாள். ஒரு தோளில் லேப்டாப், ஒரு தோளில் பை. ஸ்டேஷன் வரைக்கும் நடந்தே போனாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணி. பத்ரி சமையலறையிலிருந்து, "ரமா, இந்த வெந்தயம் எங்கே வெச்சிருக்கே?" என்று கேட்டார். ரமா காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "ஏன்னா, நான் ஆபீஸ்ல இருக்கேன். ஒரு மணிக்கு வரேன்" என்றாள்.

பத்ரி தானே தேடி எடுத்துக்கொண்டார்.